ஷாங்ரி-லா: பெயர் எங்கிருந்து வந்தது, ஊர் எங்கே இருக்கிறது?

கேள்வி: சீனாவின் யுன்னான் மாகாணத்துக்குக் குடும்பத்தோடு போகிறோம். ‘புராணத்தில் வரும் பூலோக சொர்க்கம்’ என்று சொல்லி ஷாங்ரி-லா ஊரையும் ஏஜென்ட் சேர்த்திருக்கிறார். அந்தப் பெயருக்கு என்ன பொருள்? லிஜியாங்கிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பினால் போதுமா?

பதில்: அது புராணப் பெயர் இல்லை. 1933-ல் ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஹில்டன் ‘லாஸ்ட் ஹொரைசன்’ நாவலுக்காக உருவாக்கியது. கதையில் அது, திபெத்துக்கு வடக்கே உள்ள குன்லுன் மலைகளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு மடத்தின் பெயர்; அங்கே வாழ்பவர்களுக்கு மூப்பு மிக மெதுவாகத்தான் வரும். ஹில்டன் திபெத்துக்குப் போனவர் அல்ல, அங்கே போய்வந்தவர்கள் எழுதியதைப் படித்தே எழுதினார்.

‘லா’ என்றால் திபெத்திய மொழியில் கணவாய். நாதுலாவில் வருவதும் அதே ‘லா’தான். ‘ஷாங்ரி’க்கு உறுதியான பொருள் கிடையாது. திபெத்திய பௌத்தத்தின் காலசக்கர நூல்கள் சொல்லும் ‘ஷம்பாலா’ என்ற மறைவான நாட்டின் சாயலில் பிறந்திருக்கும் என்பதே பரவலான கருத்து. இந்த ஷம்பாலா நமக்கும் தெரிந்த பெயர்தான்: கல்கி அவதரிக்கப் போவது சம்பல கிராமத்தில் என்கிறது விஷ்ணு புராணம். ஏஜென்ட் சொன்னதில் உண்மை அவ்வளவுதான்.

நாவல் வந்து பத்து வருடம்கூட ஆகவில்லை, பெயர் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கிவிட்டது. 1942-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தன் மலை ஓய்விடத்துக்கு இதையே வைத்தார்; இன்றைய கேம்ப் டேவிட் அதுதான்.

நீங்கள் போகும் ஊர் 2001 வரை சோங்டியன். சுற்றுலாவுக்காகத்தான் பெயரை மாற்றினார்கள். குன்லுன் மலைகள் அங்கிருந்து வெகு தொலைவு. திபெத்தியர்களுக்கு இந்த ஊர் கியால்தாங். என்னைக் கேட்டால், அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு போனால்தான் ஊர் கண்ணில் படும்: 1679-ல் தொடங்கிய சோங்ட்சென்லின் மடம், 2014 ஜனவரி தீயில் பெரும்பகுதி எரிந்து மீண்டும் எழுப்பப்பட்ட துகேசோங் பழைய நகரம்.

ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டாம். 2023 முதல் லிஜியாங்கிலிருந்து ரயில் ஓடுகிறது, பயணம் சுலபம்தான். ஆனால் லிஜியாங் சுமார் 2,400 மீட்டர் உயரம், ஷாங்ரி-லா 3,200 மீட்டருக்கும் மேல்; அந்த உயரத்துக்கு உடல் பழக நேரம் வேண்டும். முதலில் லிஜியாங்கில் ஓரிரு இரவு, அப்புறம் இங்கே இரண்டு இரவு தங்குங்கள். மடத்துக்குப் படியேற வேண்டும், அதை இரண்டாம் நாளுக்கு வையுங்கள். பெரியவர்களுக்கு இதயக் கோளாறோ மூச்சுத் தொந்தரவோ இருந்தால், டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.