கர்ணம், மணியக்காரர் போய் வி.ஏ.ஓ. எப்படி வந்தார்?

முன்பு கிராமத்தில் மணியக்காரர் வரி வசூலிப்பார், கர்ணம் நிலக் கணக்கு எழுதுவார். பெரும்பாலும் அப்பாவுக்குப் பின் மகன்தான். கணக்குக் கட்டு கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருக்கும். தன் வயலில் என்ன பயிர் என்று அடங்கலில் பதிய, குடியானவர் அவர் திண்ணையோரம் காத்து நிற்க வேண்டும். பரம்பரை உரிமை செல்லாது என்று 1960-இல் ஓர் ஆந்திர வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, இந்தப் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை அடியோடு ஒழித்தது. அவர்கள் இடத்துக்கு வந்தவர்தான் வி.ஏ.ஓ. எனும் கிராம நிர்வாக அலுவலர். ஒழிப்பை எதிர்த்துப் போட்ட வழக்கில், 1982-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பல குடும்பங்கள் பிழைப்பை இழந்தது உண்மை. ஆனாலும் அது அவசியமான மாற்றம் என்றே நினைக்கிறேன். இன்று டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தேறும் யாரும் அந்த நாற்காலியில் உட்காரலாம்.