கிரிஸ்டல் ஆசிலேட்டர் சிமுலேஷன்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 10 மெகாஹெர்ட்ஸ் பியர்ஸ் ஆசிலேட்டர் (டிரான்சிஸ்டரும் கிரிஸ்டலும் சேர்ந்து அலை எழுப்பும் சர்க்யூட்) போர்டில் நன்றாக ஓடுகிறது. ஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில் அலையே எழுவதில்லை. ஏன்?

பதில்: முதலில் இன்டக்ரேஷன் முறையை, அதாவது மென்பொருள் நேரத்தைச் சிறு ஸ்டெப்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை, பாருங்கள். கிரிஸ்டலின் அதிர்வைக் குறிக்கும் தொடர் கிளையை (இன்டக்டர், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர்) 12.7 மில்லிஹென்ரி, 20 ஃபெம்டோஃபாரட், 10 ஓம் என வைத்தால் க்யூ (இழப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு) ஏறத்தாழ 80,000. சைக்கிளுக்கு 50 புள்ளிகள் எடுத்தால், பேக்வர்ட் ஆய்லர் முறை தானாகச் சேர்க்கும் போலி இழப்பிலேயே க்யூ 10க்குக் கீழே போய்விடும். இரண்டாம் படி கியர் முறையிலும் 1000 அளவுதான். ட்ரெபசாய்டல் முறையில் இந்த இழப்பு இல்லை.

கேள்வி: சார், ட்ரெபசாய்டலில் அலை வருகிறது. ஆனால் ஃப்ரீக்வென்சி 0.13 சதவீதம் குறைகிறதே?

பதில்: அது அந்த முறைக்கே உரிய பிழை. ஸ்டெப்பைப் பாதியாக்கினால் பிழை கால் பங்காகும். பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்குக்கு, நேரப்படி ஓட்டும் டிரான்சியன்ட் சிமுலேஷனை நம்பவே வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் நிலையான வீச்சையும் ஃப்ரீக்வென்சியையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும்! க்யூ இவ்வளவு பெரிதாக இருப்பதால், டிரான்சிஸ்டர் வோல்டேஜை எவ்வளவு சிதைத்தாலும் தொடர் கிளையில் ஓடும் கரன்ட் சுத்தமான சைன் அலைதான். ஆகவே அந்தக் கிளையைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் சைன் கரன்ட் சோர்ஸ் ஒன்றை வையுங்கள். கிரிஸ்டலின் இணை கெப்பாசிட்டர் சர்க்யூட்டோடே இருக்கட்டும். சில சைக்கிள் ஓட்டி, வோல்டேஜின் அடிப்படை ஹார்மானிக்கை மட்டும் எடுத்துக் கரன்ட்டால் வகுங்கள். கிடைக்கும் இம்பீடன்ஸின் மெய்ப்பகுதி (ரெசிஸ்டன்ஸ்) நெகட்டிவாக இருக்கும்; அதாவது சர்க்யூட் கிரிஸ்டலுக்கு ஆற்றல் தருகிறது. கரன்ட்டை ஏற்றிக்கொண்டே போனால், டிரான்சிஸ்டர் கட்-ஆஃபை (கரன்ட் நின்றுபோகும் நிலை) தொடத் தொடங்கியதும் அதன் அளவு சுருங்கும். அது கிளையின் 10 ஓம் இழப்பைச் சரியாக ஈடுகட்டும் −10 ஓம் ஆகும் கரன்ட்தான் நிலையான வீச்சு. அப்போதுள்ள ரியாக்டன்ஸை (இம்பீடன்ஸின் மற்றப் பகுதி) எதிர்க்குறியோடு தொடர் கிளை தர வேண்டும். ஃப்ரீக்வென்சி அதிலிருந்து வந்துவிடும். லட்சக்கணக்கான சைக்கிளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஸ்டார்ட்-அப் நேரத்தையும் இதிலேயே சொல்லலாமா அண்ணா?

பதில்: சொல்லலாம். சிறு சிக்னலில் அந்த மெய்ப்பகுதி −50 ஓம் என்றால், 10 ஓம் போக மிச்சம் −40. கரன்ட் ஈ (ஏறத்தாழ 2.72) மடங்கு வளர 0.63 மில்லிசெகண்ட் ஆகும். வீச்சு ஏற ஏற இந்த மிச்சம் குறையும். அதையும் கணக்கில் சேர்த்து இன்டக்ரேட் செய்யுங்கள்.

கேள்வி: கிரிஸ்டலையே லீனியர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மிதமான டிரைவில் (கிரிஸ்டலில் ஓடும் கரன்ட்டின் அளவு) தாராளமாக. அதிக டிரைவில் ஏடி-கட் (ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வெட்டிய) கிரிஸ்டலின் ஃப்ரீக்வென்சி கரன்ட்டின் வர்க்கத்துக்கேற்ப மேலே நகரும். இதைவிட நான் அஞ்சுவது மறுமுனையை. பரப்பில் தூசு ஒட்டிய கிரிஸ்டலுக்கு, மிகக் குறைந்த டிரைவில் ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு கூடியிருக்கலாம். சில போர்டுகள் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மாடலிலும் அந்த 10 ஓமை நிலையான எண்ணாக விடாமல், கரன்ட்டைப் பொறுத்து மாறுவதாக எழுதுங்கள்.