ஸ்ரீரங்கத்தில் நாமே சமைத்துச் சாப்பிட ஒரு வீடு

சகோதரி! உப்பு குறைத்துச் சாப்பிடும் அம்மா, இரண்டு பிள்ளைகளோடு மார்கழியில் நான்கு நாள் ஸ்ரீரங்கத்தில் அடுப்படி உள்ள வீடு எடுத்துத் தங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் தேதியை மாற்றுங்கள். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பத்து நாள் பகல் பத்து, ஏகாதசியிலிருந்து பத்து நாள் இராப்பத்து; அந்த விழா நாட்களில் ஸ்ரீரங்கம் தீவே நிரம்பி வழியும். முழங்கால் வலியோடு அம்மா அந்த நெரிசலில் நிற்க வேண்டாம். இராப்பத்து முடிந்ததும் வாருங்கள்.

கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் தரைத்தளம் கிடைத்தால் விடாதீர்கள், கோயிலுக்கு நடந்தே போகலாம். முன்பணம் கொடுக்கும் முன் சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா, குக்கர் உண்டா, குடிநீர் எப்படி என்று கேளுங்கள். நாங்கள் ஒருமுறை கேட்காமல் போய், ராத்திரி எட்டு மணிக்குக் காலி சிலிண்டரோடு நின்றோம். சர்க்கரைக்கார அப்பா பசியில் தவித்தது இன்னும் உறுத்துகிறது. சாம்பார் பொடி, காபி ஃபில்டர் வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். காய்கறி இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஒருநாள் புளியோதரை கட்டிக்கொண்டு முக்கொம்பு போங்கள். காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடம். 1836-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அணை கட்டியது அங்கேதான். பிள்ளைகளைக் கொள்ளிடத்தில் மட்டும் இறக்கவே இறக்காதீர்கள், மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து தெரியாது.