செல்லைப் பெருக்காத மரபணு எப்படி லிம்போமாவுக்குக் காரணமாகிறது?

கேள்வி இது: பிசிஎல்-2 போன்ற மரபணுக்கள் செல்லைச் சாகாமல் காப்பதோடு சரி, செல்லைப் பிரியச் சொல்வதில்லை என்கிறார்கள். அப்படியானால் சுண்டெலிகளில் அவை எப்படி லிம்போமாவை, அதாவது நிணநீர்ப் புற்றுநோயை, உண்டாக்குகின்றன?

தனியாக விட்டால் பெரும்பாலும் உண்டாக்குவதில்லை என்பதுதான் என் பதில். செல்லைத் தாறுமாறாகப் பெருக்கும் இன்னொரு கோளாறு வந்து சேரும்போது, அந்தச் செல் செத்துத் தொலைய வேண்டிய இடத்தில் அதைச் சாகவிடாமல் வைத்திருக்கின்றன. அந்த ஒரு வேலையே போதும், மாதக்கணக்கில் வரவேண்டிய நோய் வாரக்கணக்கில் வந்துவிடுகிறது.

நிணநீர்ப் புற்றுநோய் எலிகளை வைத்து ஆராயும் ஒரு ஆய்வகத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் நான். அதனால் பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுகிறேன்.

முதலில் 1988-க்குப் போக வேண்டும். ஃபாலிகுலர் லிம்போமா என்ற வகை நோயாளிகளில் பெரும்பாலோரின் கட்டிச் செல்களில் 14-வது குரோமோசோமும் 18-வது குரோமோசோமும் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டு விழுந்த இடத்தில் கிடைத்த மரபணுவுக்கு பிசிஎல்-2 என்று பெயர் வைத்தார்கள். பிலடெல்ஃபியாவில் சுஜிமோட்டோ, குரோச்சே குழு 1980-களின் நடுவில் செய்த வேலை அது. ஆனால் அந்த மரபணு என்ன செய்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. அதுவரை தெரிந்த புற்றுநோய் மரபணுக்கள் எல்லாம் செல்லைப் பெருக்குபவை. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு.

மெல்பர்னில் உள்ள வால்டர் அண்ட் எலிசா ஹால் நிறுவனத்தில் டேவிட் வாக்ஸ் அப்போது ஆய்வு மாணவர். சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் இருவரோடும் சேர்ந்து அவர் செய்த சோதனை மிக எளிமையானது. ஐஎல்-3 என்ற வளர்ச்சிப் பொருள் இருந்தால்தான் உயிர்வாழும் எலி ரத்தச் செல்களை எடுத்தார். வைரஸ் வழியாக அவற்றுக்குள் பிசிஎல்-2 மரபணுவைச் செலுத்தினார். அப்புறம் ஐஎல்-3-ஐ எடுத்துவிட்டார். சாதாரணச் செல்கள் சில நாட்களில் செத்துவிட்டன. பிசிஎல்-2 உள்ளவை சாகவில்லை. அதே நேரம் அவை பெருகவும் இல்லை. பிரியாமல் சும்மா இருந்தன, மீண்டும் ஐஎல்-3 கொடுத்ததும் பிரியத் தொடங்கின. செல்லைச் சாகவிடாமல் செய்வதும் புற்றுநோய்க்கு ஒரு வழி என்று நேரடியாகக் காட்டிய முதல் சோதனை அது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஒரு தட்டு, ஒரு வளர்ச்சிப் பொருள், சில நாள் பொறுமை. கிடைத்ததோ இத்தனை பெரிய விடை.

சரி, தட்டில் நடப்பது உடலுக்குள்ளும் நடக்குமா? அங்கேதான் எலிகள் வருகின்றன.

1989-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்டான்லி கோர்ஸ்மேயரின் குழு, மனிதனில் நடக்கும் அந்த 14-18 ஒட்டையே போலச் செய்து எலிக்குள் வைத்தது. அந்த எலிகளின் மண்ணீரலில் பி செல்கள் (எதிர்ப்பொருட்களை உண்டாக்கும் வெள்ளணுக்கள்) இயல்பைவிடப் பல மடங்கு சேர்ந்தன. ஆனால் அது புற்றுநோய் இல்லை. சேர்ந்த செல்கள் ஒரே தாய்ச் செல்லிலிருந்து வந்தவையும் அல்ல, பிரிந்துகொண்டிருப்பவையும் அல்ல. வயதாகியும் சாகாமல் தங்கிவிட்ட கூட்டம். மெல்பர்னில் ஆண்ட்ரியாஸ் ஸ்ட்ராசர் உருவாக்கிய பிசிஎல்-2 எலிகளில் இன்னொன்று தெரிந்தது: சாக வேண்டிய பி செல்கள் சாகாததால், உடலைத் தானே தாக்கும் எதிர்ப்பொருட்கள் பெருகி, சில எலி வகைகளில் சிறுநீரகம் கெட்டது. லூபஸ் நோயைப் போன்ற நிலை.

கோர்ஸ்மேயர் குழு அந்த எலிகளை விடாமல் கவனித்தது. ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து அவற்றில் சிலவற்றுக்கு வேகமாகப் பரவும் லிம்போமா வந்தது. கட்டிகளைத் திறந்து பார்த்தால், ஏறக்குறைய பாதியில், செல்லைப் பெருக்கும் மிக் என்ற மரபணு இடம் மாறிப்போயிருந்தது. யாரும் உள்ளே வைக்கவில்லை. நீண்ட நாள் சாகாமல் இருந்த செல்களில் ஏதோ ஒன்றுக்குத் தற்செயலாக அந்தக் கோளாறு நேர்ந்தது, அந்தச் செல்தான் கட்டியாக வளர்ந்தது. பிசிஎல்-2-க்குத் தேவையான கூட்டாளி யார் என்பதை எலியின் உடலே காட்டிக்கொடுத்தது. 1991-இல் வெளியான இந்த முடிவுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில்.

மிக் மரபணுவை வேண்டுமென்றே உள்ளே வைத்த எலிகளும் உண்டு, அவற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1985-இல் மெல்பர்ன் குழுவும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய ஈ-மியூ மிக் எலிகளில், பி செல்களில் மட்டும் எப்போதும் இயங்கும் ஒரு தூண்டியின் கீழ் மிக் மரபணு இருக்கும். மனிதர்களின் பர்கிட் லிம்போமாவில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஏறத்தாழ எல்லா எலிகளுக்கும் லிம்போமா வரும், பெரும்பாலும் பிறந்து சில மாதங்களில்.

அவற்றைப் பார்த்துக்கொள்வது தனி வேலை. கழுத்திலும் அக்குளிலும் விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். நம் வீட்டில் காய்ச்சல் வந்த குழந்தைக்கு நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்போமே, அதே இடங்கள்தான். முதலில் ஒன்றும் தட்டுப்படாது. பிறகு ஒரு நாள் தோலுக்கடியில் பயறு அளவுக்கு ஏதோ உருளும். அதற்கப்புறம் வேகம்தான். முடி சிலிர்த்து, முதுகு வளைந்து, மூச்சு வாங்க ஆரம்பித்தால் அந்த எலியை மேலும் துன்பப்படவிடாமல் வலியின்றி முடித்துவிட வேண்டும், அது விதி. உள்ளே பார்த்தால், நல்ல எலியில் சுமார் 100 மில்லிகிராம் எடையுள்ள மெல்லிய பட்டைபோல் இருக்கும் மண்ணீரல், பல மடங்கு பருத்து வயிற்றின் ஒரு பக்கத்தையே அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் கையில் எடுத்த எந்த நாளிலும் எனக்கு அது வெறும் மாதிரியாகத் தோன்றியதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பிறந்த நாள் முதல் எல்லா பி செல்களிலும் மிக் இயங்குகிறதே, அப்புறம் ஏன் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்? கோடிக்கணக்கான செல்களும் உடனே கட்டியாக வேண்டாமா?

காரணம், மிக் செல்லைப் பெருக்குவதோடு நிற்பதில்லை, சாகவும் தூண்டுகிறது. ஒரு தண்ணீர்த் தொட்டியில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அடியில் இருக்கும் ஓட்டையையும் பெரிதாக்கிவிட்டால் மட்டம் ஏறாது. மிக் செய்வது அதுதான். 1992-இல் ஜெரார்டு இவானின் குழு இதைத் தெளிவாகக் காட்டியது: வளர்ச்சிப் பொருட்கள் குறைவாக உள்ள நிலையில் மிக் இயங்கினால் செல்கள் தாமாகவே மடிகின்றன. ஆக, ஈ-மியூ மிக் எலியின் பி செல்கள் வேகமாகப் பிறந்து வேகமாகச் சாகின்றன. அந்த மாதங்கள், ஏதாவது ஒரு செல் சாவிலிருந்து தப்பும் வழியைக் கண்டுபிடிப்பதற்கு ஆகும் காலம்.

ஸ்ட்ராசர் 1990-இல் பிசிஎல்-2 எலியையும் மிக் எலியையும் இணைசேர்த்தபோது அந்தக் காத்திருப்பு ஏறக்குறைய இல்லாமலே போனது. இரண்டு மரபணுவும் பெற்ற குட்டிகளுக்குப் பிறந்து சில வாரங்களிலேயே கட்டி வந்தது. அதுவும் வழக்கமான பி செல் கட்டி இல்லை, அதைவிட முதிராத, ஆரம்பகட்ட ரத்தச் செல் போன்ற ஒன்று. இப்படி இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பிசிஎல்-2 கூடுதலாகக் கிடைக்காத மிக் எலிகளில் செல் எப்படித் தப்புகிறது? 1999-இல் வந்த ஆய்வின்படி, ஏறக்குறைய கால்வாசிக் கட்டிகளில், புற்றுநோயைத் தடுக்கும் பி53 என்ற மரபணு கெட்டிருந்தது, இன்னொரு கால்வாசியில் பி53-ஐத் தூண்டும் ஆர்ஃப் என்ற மரபணு தொலைந்திருந்தது. மிக் அளவுக்கு மீறி இயங்கினால் ஆர்ஃப் விழித்து, பி53-ஐ எழுப்பி, செல்லைச் சாகவைக்கும். அந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணி அறுந்தால் போதும். இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஸ்காட் லோவின் ஆய்வகத்தில் 2002-இல் செய்தது. மிக் செல்களுக்கு முன்கூட்டியே பிசிஎல்-2-ஐக் கொடுத்துவிட்டால், அந்தக் கட்டிகள் பி53-ஐ இழப்பதே இல்லை. இழக்க வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை. பி53-க்கு எத்தனையோ வேலைகள் உண்டு என்றாலும், இந்த நோயில் கட்டி அதைத் தொலைப்பது பெரும்பாலும் சாவிலிருந்து தப்பத்தான் என்பது இதிலிருந்து தெரிகிறது.

செல்லைச் சாகாமல் காக்கும் மரபணு என்று ஒருமையில் பேசுவதே தவறு. பிசிஎல்-2 ஒரு பெரிய குடும்பம், அதற்குள்ளேயே இரண்டு கட்சி. பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 போன்றவை காப்பவை. பாக்ஸ், பாக் இரண்டும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை போட்டுச் செல்லை முடிப்பவை. காப்பவை இந்த இரண்டையும் பிடித்து வைத்திருக்கின்றன. பிம், பூமா, நாக்ஸா போன்ற சிறிய புரதங்கள் வந்து காப்பவற்றின் மேல் ஒட்டிக்கொண்டால் பிடி தளரும், செல் சாகும். எனவே காப்பவை கூடினாலும் ஆபத்து, சாகடிப்பவை குறைந்தாலும் ஆபத்து. பிம் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை நீக்கினாலே மிக் எலிகளுக்கு லிம்போமா சீக்கிரம் வருகிறது என்று 2004-இல் காட்டினார்கள். மறுவருடம் இன்னொரு செய்தி: மனித பர்கிட் கட்டிகளில் காணப்படும் சில மிக் திரிபுகள், பெருக்கும் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன, பிம்மைத் தூண்டும் வேலையை மட்டும் விட்டுவிடுகின்றன.

அடுத்து வருவது பலரும் எதிர்பார்க்காதது. இத்தனை புகழ் பெற்ற பிசிஎல்-2, மிக் எலிகளில் தானாக வரும் லிம்போமாவுக்குத் தேவையே இல்லை. எலியின் சொந்த பிசிஎல்-2-ஐ முழுக்க நீக்கிய பிறகும் மிக் கட்டி வருகிறது என்று 2007-இல் தெரிந்தது. வெளியிலிருந்து கூடுதலாகத் திணித்தால் நோயை வேகமாக வரவழைக்கும் மரபணு, இயல்பான அளவில் அந்தச் செல்லுக்கு ஆதாரமாக இல்லை. ஆதாரமாக இருப்பவை வேறு. கட்டி உருவாகும் தொடக்கத்தில் பிசிஎல்-எக்ஸ்எல் வேண்டியிருக்கிறது. எம்சிஎல்-1 அதைவிட முக்கியம். அதன் இரண்டு பிரதிகளில் ஒன்றே ஒன்று குறைந்தால் மிக் எலிகளில் லிம்போமா ஏறக்குறைய வராமலே போகிறது (2016). கூடவே பிம்மையும் நீக்கினால் நோய் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஏற்கெனவே வளர்ந்துவிட்ட கட்டியிலும் எம்சிஎல்-1-இன் ஒரு பிரதியை நீக்கினால் வளர்ச்சி வெகுவாகத் தடைபடுகிறது. பி53 கெட்டிருந்தால் இந்தச் சார்பு கொஞ்சம் குறையும், ஆனால் போய்விடாது.

பலர் சறுக்குவது இங்கேதான் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஒரு மரபணுவை அதிகமாக்கினால் புற்றுநோய் வருகிறது என்பதும், அந்த மரபணு இல்லாவிட்டால் புற்றுநோய் நிற்கும் என்பதும் வேறுவேறு கேள்விகள். எலியில் இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க முடிந்ததால்தான் இது புரிந்தது.

இதெல்லாம் மனிதருக்குப் பொருந்துமா? ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது. உணர்திறன் மிகுந்த சோதனை செய்தால், நோயே இல்லாத பெரியவர்கள் பலரின் ரத்தத்தில்கூட அந்த 14-18 ஒட்டு உள்ள செல்கள் தென்படுகின்றன. அவர்களில் பெரும்பாலோருக்கு லிம்போமா வருவதில்லை. கோர்ஸ்மேயரின் எலிகள் சொன்னதும் இதுதான். மிக், பிசிஎல்-2 இரண்டும் இடம் மாறிய லிம்போமாவை மருத்துவர்கள் டபுள் ஹிட் என்கிறார்கள். மிகக் கடுமையான நோய். ஸ்ட்ராசரின் குட்டிகளை நினைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பொருந்தாத இடங்களும் உண்டு. மனிதனில் ஒரே ஒரு செல்லில் கோளாறு தொடங்குகிறது. எலியில் பி செல் வரிசை முழுவதும் பிறப்பிலிருந்தே மிக் சுமக்கிறது.

மருந்தைப் பொறுத்தவரை, பிசிஎல்-2-இன் பிடியைத் தளர்த்தும் வெனிடோகிளாக்ஸ் 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, முதலில் நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்க்கு. அந்த நோயில் ஆரம்பகட்டச் சோதனையிலேயே ஐந்தில் நான்கு பேருக்குப் பலன் தெரிந்தது. ஆனால் பிசிஎல்-2 கண்டுபிடிக்கக் காரணமான ஃபாலிகுலர் லிம்போமாவில், இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது 38 சதவீதம் பேருக்குத்தான் பலன். பிசிஎல்-2 நிறைய இருப்பது வேறு, செல் அதை மட்டுமே நம்பியிருப்பது வேறு.

எம்சிஎல்-1-ஐத் தடுக்கும் மருந்துகள் எலியில் அருமையாக வேலை செய்தன. ஆனால் அவற்றில் முக்கியமான ஒன்று, எலியின் எம்சிஎல்-1-ஐ மனிதனுடையதைவிடத் தளர்வாகத்தான் பற்றும் என்பது தெரிந்தது. எலி மருந்தை நன்றாகத் தாங்குவதுபோல் தோன்ற அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் மனித எம்சிஎல்-1 மரபணுவையே வைத்த எலிகளை 2018-இல் உருவாக்கி அவற்றில் அளவு பார்த்தார்கள். இதயத் தசைக்கும் எம்சிஎல்-1 வேண்டும் என்பதும் எலிகளிலிருந்தே 2013-இல் தெரிந்திருந்தது. அதே இதயப் பாதிப்பு குறித்த கவலையால் பின்னர் நோயாளிகளிடம் நடந்த சில சோதனைகளை நிறுத்த வேண்டிவந்தது. கட்டிச் செல் சாக எவ்வளவு தடுக்க வேண்டும், இதயம் எவ்வளவு வரை தாங்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறதா என்பதுதான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. ஒரு பிரதி குறைந்த எலிகள் நன்றாகவே வாழ்கின்றன என்பதால் இருக்கும் என்றே நான் நம்புகிறேன்.