பெட்டியில் 12 சேனல், கணினிக்கு 2 டிராக்: டிரம்ஸ் பதிவுக்கு எந்த மிக்சர்?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீட்டில் வசிக்கிறேன். நண்பர்களின் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். ஒவ்வொரு டிரம்மையும் தனி டிராக்காகப் பதிவு செய்து, பிறகு கணினியில் கலவை செய்ய ஆசை. ‘12 சேனல், யுஎஸ்பி’ என்று போட்ட மிக்சர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? வீட்டிலுள்ள பாம் ஷெல்டர் (குண்டுத் தாக்குதலுக்கான காப்பிடம்) அறையைப் பதிவறையாக்கலாமா?

பதில்: காசு கொடுக்கும் முன் அந்த மிக்சரின் விவரத் தாளில் யுஎஸ்பி பற்றிய வரியைப் படியுங்கள். அங்கே ‘2 இன், 2 அவுட்’ என்று இருந்தால், உங்கள் வேலைக்கு அது ஆகாது. எத்தனை மைக் செருகினாலும், எல்லாம் கலந்து இடம், வலம் என்று இரண்டு டிராக்குகளாக மட்டுமே கணினிக்குப் போகும். ஸ்நேர் டிரம்மின் சத்தம் கூடிவிட்டது என்று மறுநாள் தெரிந்தால், அதை மட்டும் தனியாகக் குறைக்க வழியே இல்லை. யமாஹா எம்ஜி10எக்ஸ்யூ இந்த வகைதான். மேடைக்கு நல்ல மிக்சர், உங்கள் தேவைக்கு இல்லை.

சேனல் எண்ணிக்கையும் ஏமாற்றும். கீபோர்டு போன்ற கருவிகளுக்கான ஸ்டீரியோ இணைப்புகளை இரண்டிரண்டாக எண்ணிச் சேர்த்துவிடுகிறார்கள். மேலே சொன்ன யமாஹாவில் 10 சேனல் உண்டு; மைக் செருக 4 இடங்களே. நீங்கள் எண்ண வேண்டியது மைக் பிரிஆம்ப்களை, அதாவது மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் சுற்றுகளை. காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று, தலைக்கு மேலே நிறுத்தும் ஓவர்ஹெட் மைக் இரண்டு என நான்கிலேயே மரியாதையான பதிவு கிடைக்கும். டாம் டிரம்களுக்கு மூன்று, ஹைஹேட் தாளத் தட்டுகளுக்கு ஒன்று சேர்த்தால் எட்டு. எனவே 8 மைக் பிரிஆம்ப், எட்டும் தனித்தனியே பதிவாகும் வசதி: இதற்குக் கீழே இறங்காதீர்கள். ஓவர்ஹெட் மைக்குகள் பெரும்பாலும் மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் வகை என்பதால், கேபிள் வழியே அதைத் தரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவரும் தேவை. பிரிஆம்ப்பின் இரைச்சல் அளவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். டிரம்ஸ் அவ்வளவு உரத்த கருவி.

அடுத்து பாம் ஷெல்டர். ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம். அது நான்கு பக்கமும் வெற்றுக் கான்கிரீட் உள்ள சிறிய அறை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 2 மீட்டர் இருந்தால், ஏறக்குறைய 86 ஹெர்ட்ஸில் ஒலி அங்கேயே தேங்கி முழங்கும். கிக் டிரம்மின் கனமே அந்தப் பகுதியைச் சுற்றித்தான் இருக்கிறது. மெல்லிய நுரைப் பலகை ஒட்டினால் மேல் ஒலிகள் மட்டும் மங்கும். முழக்கம் அப்படியே நிற்கும். அண்டை வீட்டாருக்கும் நிம்மதி இராது, ஏனென்றால் கிக் பெடலின் அதிர்வு தளம் வழியாகவே கீழ்வீட்டுக்கு இறங்குகிறது. மின்னணு டிரம்ஸ் வைத்தாலும் பெடல் அதிர்வு போகும். ஆனால் மின்னணு டிரம்ஸ் பலவற்றை யுஎஸ்பி வழியே நேராகக் கணினியில் பதியலாம், மிக்சரே தேவைப்படாது.

ஆகவே நீங்கள் உண்மையில் டிரம்ஸ் வாசிக்கப்போவது மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஜாமிங் ஸ்டுடியோவில்தான். மிக்சரைத் தேர்ந்தெடுக்கையில் நான் முதலிடம் தருவது இந்த உண்மைக்கே. எம்ஆர்டி ரயிலில் தூக்கிச் செல்ல முடிய வேண்டும். மடிக்கணினி இல்லாமலே பதிவு செய்ய வேண்டும்; வாடகை நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மென்பொருளோடு மல்லுக்கட்டுவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை.

இந்த இரண்டுக்கும் பொருந்துபவை டாஸ்கம் மாடல் 12, ஜூம் லைவ்டிராக் எல்-12. இரண்டிலும் 8 மைக் பிரிஆம்ப். இரண்டும் எஸ்டி அட்டையிலேயே தனித்தனி டிராக்குகளாகப் பதியும். ஜூமில் ஐந்து ஹெட்ஃபோன் இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கலவை. பாடகருக்குப் பாட்டும் உங்களுக்கு பாஸ் கிட்டாரும் உரக்கக் கேட்கும்படி வைக்கலாம். குழுவோடு சேர்ந்து பதிவதானால் என் தேர்வு அதுவே. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே தனி டிராக்குகளை அனுப்பும், ஆனால் கணினி கட்டாயம். பெரிங்கர் எக்ஸ்ஆர்18-இல் 16 பிரிஆம்ப், கைக்கு அடக்கமான பெட்டி. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் கிடையாது, டேப்லெட்டில் இயக்க வேண்டும், தனி டிராக் பதிவுக்குக் கணினியும் வேண்டும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் 12 டிராக்குகள் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 6.2 ஜிகாபைட் பிடிக்கும். தயாரிப்பாளர் பரிந்துரைத்த வகை அட்டையையே வாங்குங்கள். ஸ்டுடியோவில் கெய்ன் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வைக்கும்போது பாட்டின் மிக உரத்த பகுதியை முழு பலத்தோடு வாசித்து, மிக்சரின் அளவுமானியில் உச்சம் -12 டெசிபெல் அருகே நிற்கும்படி விடுங்கள். ஒத்திகையில் மென்மையாகத் தட்டுகிறவர்கள் பதிவில் இன்னும் பலமாக அடிப்பார்கள். ஓவர்ஹெட் இரண்டும் ஸ்நேரிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு நூலால் அளந்தால் போதும். 34 செண்டிமீட்டர் வித்தியாசமே ஒரு மில்லிவினாடித் தாமதம், அதிலேயே ஸ்நேர் மெலிந்துவிடும். வீடு திரும்பியதும் கண்டென்சர் மைக்குகளை, கேமரா வைக்கும் ஈரப்பதக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர்க் காற்று அவற்றுக்கு ஆகாது.

பழைய மிக்சர் வாங்குவதானால் ஒரு மைக், ஒரு கேபிள், எஸ்டி அட்டை, ஹெட்ஃபோன் எடுத்துச் செல்லுங்கள். எட்டு இணைப்புகளிலும் மாற்றி மாற்றிச் செருகி, ஒவ்வொரு கெய்ன் குமிழையும் முழுக்கத் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். அடாப்டர் நம் 230 வோல்ட் மின்சாரத்துக்கு ஏற்றதா என்றும் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த கருவி 100 வோல்ட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கலாம். எட்டு டிராக்குகளையும் ஒருசேர அட்டையில் பதிந்து, திரும்பப் போட்டுக் கேட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.