ஆச்சி செருப்பில் வெட்டிய பள்ளம்

போன ஞாயிற்றுக்கிழமை தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து ஒரு குடும்பம் பெண்ணின் மேல்படிப்புக்கு யோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்திருந்தது. அப்பா, அம்மா, பெண், கூடவே செம்பூர் பெரியப்பா. பெண்ணுக்கு இருபது வயது. நீட் இரண்டாவது தடவையும் கைகூடவில்லை. நான் அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பெரியப்பாதான் பதில் சொன்னார். அவள் குடையின் கைப்பிடிக் கயிற்றை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தாள். கிளம்பும்போது அம்மா மட்டும் வாசலில் தயங்கி நின்று, "பிள்ள ராத்திரி தூங்கவே மாட்டேங்கா. என்ன செய்யணும்னு எழுதியாவது குடுங்க" என்றார். எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கிற மற்ற வீடுகளும் படிக்கட்டும் என்றதற்கு, "பேரு மட்டும் போடாதீங்க" என்று சம்மதித்தார்.

அக்கா, முதலில் ஆறுதல். 2025-இல் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். அரசு, தனியார் எல்லாம் சேர்த்து எம்பிபிஎஸ் இடம் ஏறக்குறைய 1.2 லட்சம். பதினெட்டுப் பேருக்கு ஒரு நாற்காலி. அது கிடைக்காததை வைத்து யாரும் உங்கள் பெண்ணை எடைபோட முடியாது. ஆறுதல் இவ்வளவுதான். இனி நான் சொல்லப்போவது உங்கள் வீட்டில் ஒருவருக்கும் பிடிக்காமல் போகலாம்.

பெரியப்பா ஒரு ஏஜென்ட்டின் தாளைக் காட்டினார். வெளிநாட்டில் எம்பிபிஎஸ், எல்லாம் சேர்த்து 28 லட்சம். ஊரில் இருக்கிற மனையை அடமானம் வைத்தால் பேங்க் கொடுத்துவிடும் என்றார். கொடுக்கும். ஏழரை லட்சத்துக்கு மேல் படிப்புக் கடன் என்றால் பொதுவாக ஈடு கேட்பார்கள், அதற்குத்தான் மனை. ஆனால் திருப்பிக் கட்டுகிற கணக்கை அந்தத் தாளில் காணோம். 28 லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை 38,500 ரூபாயைத் தாண்டும். உங்கள் வீட்டுக்காரரின் கார்கானாவில், அதாவது பட்டறையில், மழைக்காலத்தில் எந்த மாதம் 38,500 மிஞ்சியது என்று அவரிடமே கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.

காலக் கணக்கும் பாருங்கள். 2021-இல் வந்த விதிப்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதம் படிப்பு, அங்கேயே 12 மாதம் பயிற்சி, திரும்பி வந்து உரிமத் தேர்வு, இங்கே மறுபடி 12 மாதம் பயிற்சி. எந்தத் தடங்கலும் இல்லாமல் போனாலும் உங்கள் பெண்ணுக்கு 27 வயது ஆகிவிடும். அந்த உரிமத் தேர்வை 2024 ஜூனில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். தேறாத மற்ற நாலு பேர் வீட்டிலும் ஒரு மனை அடமானத்தில் இருந்திருக்கும். மனையில் கை வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. பெரியப்பாவுக்கு உங்கள் பெண்மேல் பாசம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் தவணைத் தேதியில் அவர் செம்பூரில் இருப்பார்.

இன்னொரு வருடம் வீட்டிலிருந்து எழுதட்டுமா என்றால், அதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் அவளுக்கு ஏறியது 23 மார்க். போகவேண்டிய தூரம் இன்னும் நூறுக்கு மேல். மூன்றாவது வருடம் படிப்பு ஏறுவதைவிட பயம் ஏறுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பிசியோதெரபி, நர்சிங், லேப் டெக்னீஷியன், பி.எஸ்சி. எல்லாம் ஏற்கெனவே உங்கள் சொந்தக்காரர்கள் வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். அவற்றை விடுகிறேன். பேச்சுவாக்கில் நீங்கள் சொன்ன ஒரு புகார்தான் என் மனதில் நின்றுவிட்டது.

"படிக்கிற நேரத்துல கார்கானாவுல போய் உக்காந்துக்கிடுதா. ஆச்சி செருப்ப வெட்டிப் பாழாக்கி வெச்சிருக்கா" என்றீர்கள். பாழாக்கியதைக் கொண்டுவரச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? ஆச்சிக்குச் சர்க்கரை. வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே ஆறாத புண். உங்கள் பெண் செருப்பின் உள் அட்டையில் சரியாக அந்தப் புண் படுகிற இடத்தில் எட்டணா அளவுக்குப் பள்ளம் தோண்டி, அதன் ஓரம் குத்தாமல் இருக்க தோலைச் சீவிச் சரித்து, மேலே மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தாள். எப்படி இடம் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். அதுவரை வாயே திறக்காதவள் சொன்னாள்: "புண்ணைச் சுத்தி ஆச்சி கால்ல சாந்து தடவி, நியூஸ்பேப்பர்ல நடக்கச் சொன்னேன். எங்க அழுத்தமா பதியுதுன்னு பாத்தேன்."

வீட்டிலேயே அப்படிச் செய்வது ஆபத்து. பள்ளத்தின் விளிம்பே புதுப் புண்ணை உண்டாக்கலாம், ஆச்சியை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் உடம்பின் பாரம் எங்கே விழுகிறது என்று பார்க்கிற கண்ணும், அதை மாற்றுகிற கையும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். அதற்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. மகாராஷ்டிராவில் நீட் மதிப்பெண்ணை வைத்து நிரப்பும் படிப்புகளின் பட்டியலில் எம்பிபிஎஸ், பிடிஎஸ், ஆயுர்வேதம், ஹோமியோபதி என்று இறங்கிக்கொண்டே வந்தால் அடியில் எங்கோ கிடக்கும். பேச்சிலர் இன் பிராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்தோடிக்ஸ். செயற்கைக் கை கால், காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிபர், முதுகுப் பட்டை, சர்க்கரை நோயாளிகளுக்கான காலணி எல்லாம் அளவெடுத்துச் செய்து பொருத்துகிற படிப்பு. சுருக்கமாக பி.பி.ஓ. நான் அந்தச் சுருக்கத்தைச் சொன்னது என் தப்பு. "கால் சென்டருக்கா ரெண்டு வருஷம் நீட் எழுதினா?" என்று பெரியப்பா எழுந்தேவிட்டார்.

கால்தான் அண்ணாச்சி, சென்டர் இல்லை.

படிப்பு நாலரை வருடம், கடைசி ஆறு மாதம் பயிற்சி. பன்னிரண்டாம் வகுப்பில் அவள் எடுத்த பாடங்கள் போதும். மும்பையிலேயே ஹாஜி அலியில், 1955-இல் தொடங்கிய மத்திய அரசின் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது. மகாலட்சுமி ஸ்டேஷனில் இறங்கிப் போகலாம், ஹாஸ்டல் செலவு கிடையாது. கொல்கத்தா, கட்டாக், டெல்லியில் உள்ள மத்திய அரசு நிறுவனங்களிலும், பெங்களூரில் மொபிலிட்டி இந்தியா என்ற தொண்டு நிறுவனத்திலும் உண்டு. முடித்ததும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்யவேண்டும். 1992-ஆம் வருடச் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக்கூடாது.

உள்ளே என்ன நடக்கும் என்று ஒரு காலை மட்டும் சொல்கிறேன், நான் நேரில் நின்று பார்த்தது. முழங்காலுக்குக் கீழே கால் போன ஒரு மனிதர். லோக்கலில் படியில் தொங்கி வந்தவர், நம்மூரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மிச்சமிருக்கிற காலை அங்கே ஸ்டம்ப் என்கிறார்கள். அதில் ஈர உறை மாட்டி, நனைந்தால் ஊதா நிறமாகும் பென்சிலால் எலும்பு துருத்துகிற இடங்களைக் குறித்தார் அந்தப் பெண் நிபுணர். பக்கவாட்டில் சிறு எலும்பின் தலை, முன்னால் கணைக்கால் எலும்பின் விளிம்பு, முழங்கால் சில்லு. பிறகு பிளாஸ்டர் துணியைத் தண்ணீரில் முக்கிச் சுற்றினார். அது இறுகும் அந்தச் சில நிமிடம் இரண்டு கட்டைவிரலையும் சில்லுக்குக் கீழே தசைநாரின் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டே, அவரிடம் பிள்ளை எந்த வகுப்பு என்று விசாரித்தார். உருவிய அச்சுக்குள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் உடைத்தால் அந்த மனிதரின் கால் வெள்ளையாக மேஜைமேல் நிற்கிறது. ஊதாக் குறிகள்கூட அதில் அப்படியே இறங்கியிருந்தன.

வித்தை அதற்கப்புறம்தான். எலும்பு துருத்துகிற இடத்தில் மாவைக் கூட்டவேண்டும், அப்போதுதான் ஸ்டம்ப் உட்காரச் செய்யப்போகிற கூட்டில் அங்கே இடம் விடும். பாரம் தாங்குகிற இடத்தில் அரத்தால் இழைத்துக் குறைக்கவேண்டும். கூடக் குறைய இரண்டு மில்லிமீட்டர் தவறினால் அந்த மனிதர் சாயங்காலத்துக்குள் ரத்தத்தோடு காலைக் கழற்றிவைத்துவிடுவார். அப்புறம் வெள்ளை பாலிபுரொப்பிலீன் தகட்டை 180 டிகிரிக்கு மேல் சூடேற்றும் அடுப்பில் வைத்து, அது கண்ணாடி மாதிரி தெளியும் நொடியில் வெளியே எடுத்து, அச்சின்மேல் போர்த்திக் காற்றை உறிஞ்சி ஒட்டவைக்கிறார்கள். ஆறியதும் வெட்டி, ஓரம் வழித்து, குழாயும் பாதமும் பூட்டி, இரண்டு கம்பிக்கு நடுவே நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். நிபுணர் தரையில் குந்தி அவர் நடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இடுப்ப ஏன் தூக்கிறீங்க? கால் நீளமா இருக்கா?" அரை சென்டிமீட்டர் குறைத்தார். இடுப்பு தூக்குவது நின்றது.

வீக்கம் வடிய வடிய ஸ்டம்ப் சுருங்கும், கூடு தளரும், மறுபடி வருவார்கள். கால் வளைந்து பிறந்த குழந்தை வளர வளரப் புது காலிபர் வேண்டும், வருடக்கணக்கில் வரும். அந்தக் குழந்தை ஓடுவதை இவர்களும் இருந்து பார்க்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்புகிற எந்த டாக்டருக்கும் இது கிடைக்காது.

கைத்தொழிலா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். உலகம் முழுக்கத் தெரிந்த ஜெய்ப்பூர் கால் 1968 வாக்கில் உருவானது. எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியோடு சேர்ந்து அதைச் செய்தவர் ராம்சந்திர சர்மா, பெரிய படிப்பு இல்லாத கைவினைஞர். சம்மணம் போட்டு உட்காரவும் வெறுங்காலோடு வயலில் இறங்கவும் தோதாக ரப்பரில் வந்த பாதம் அது. 1981-இல் மகசேசே விருது சேத்திக்குத்தான் வந்தது. அந்த மாதிரி மருத்துவரும் கைவினைஞரும் ஒரே ஆளாக இருக்கத்தான் இப்போது நாலரை வருடம் சொல்லித்தருகிறார்கள்.

வேலை எங்கே என்றால் அரசு மருத்துவமனைகள், கான்பூரில் 1972-இல் தொடங்கிய, செயற்கை அவயவம் செய்யும் மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ, 1944 முதல் புனேயில் இயங்கும் ராணுவத்தின் செயற்கை அவயவ மையம், தொண்டு நிறுவனங்கள், ஓட்டோபாக் போன்ற வெளிநாட்டு கம்பெனிகளின் கிளினிக்குகள். பத்து லட்சம் மக்களுக்கு ஐந்து முதல் பத்து நிபுணர்கள் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2017-இல் சொன்ன கணக்கு. நம் 140 கோடிக்குக் குறைந்தது ஏழாயிரம் பேர்.

கஷ்டத்தையும் மறைக்கமாட்டேன். முதல் சம்பளம் நான் பார்த்தவரை இருபதாயிரத்தைச் சுற்றித்தான், ஐடிக்குப் போன தோழியைப் பார்த்து மனம் வாடும். நாள் முழுக்க நிற்கவேண்டும், மாவுத் தூசி, அடுப்புச் சூடு. அரசு இடங்கள் குறைவு. அமெரிக்கா மாதிரி நாடுகளுக்குப் போக மேல்படிப்பு இல்லாமல் முடியாது. கல்யாணப் பத்திரிகையில் பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட முடியாது. இது உங்கள் வீட்டில் பெரிய விஷயம் என்று தெரியும்.

இப்போது அந்தத் தூங்காத ராத்திரிக்கு வருகிறேன். என்னை முப்பத்தொரு வயதில் வேலையிலிருந்து அனுப்பினார்கள். எந்த கம்பெனி என்பது வேண்டாம். வீட்டில் சொல்லாமல் மூன்று மாதம் டிபன் டப்பாவோடு கிளம்பி மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "மனசைத் தளரவிடாதே, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொன்னவர்கள்மேல்தான் எனக்கு அதிக எரிச்சல். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அதே பெஞ்சில் கணக்குப் புரியாமல் அழுதான். சொல்லிக்கொடுத்தேன். அன்று ராத்திரி தூங்கினேன், அவ்வளவுதான் நடந்தது. அதனால் உங்கள் பெண்ணிடம் தைரியமாக இரு என்று சொல்லாதீர்கள். கார்கானாவுக்குப் போகாதே என்பதை நிறுத்துங்கள், ஒரு மாதம் போகட்டும். "மார்க் எவ்வளவு?" என்று ஊரிலிருந்து வரும் போனை நீங்கள் எடுங்கள், "முடிவு பண்ணியாச்சு, சொல்றோம்" என்று வையுங்கள். இரண்டு வாரத்திலும் தூக்கம் திரும்பவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தது என்றால் காத்திருக்காதீர்கள். 14416 டெலிமானஸ், அரசின் இலவச எண், தமிழிலும் பேசுவார்கள். நேரில் மருத்துவரைப் பார்ப்பதும் வெட்கப்படுகிற காரியமில்லை.

நான் சொன்னதற்காக அவளை இதில் தள்ளிவிடவும் கூடாது. ஒரு பிடிவாதத்தை இறக்கிவிட்டு இன்னொன்றை ஏற்றினால் எனக்கும் பெரியப்பாவுக்கும் வித்தியாசம் இல்லை. ஹாஜி அலியில் அனுமதி கேட்டு மூன்று நாள் காலை அவள் அங்கே போய் உட்காரட்டும். கால் இல்லாதவரின் தையல் தழும்பைப் பார்த்து அவளுக்கு மயக்கம் வரலாம். இல்லை, மாவுத் தூசியோடு வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போது நிறுத்தாமல் பேசலாம். எது நடக்கிறது என்று நீங்கள் பாருங்கள், அவளைக் கேள்வி கேட்காதீர்கள். பிடிக்கவில்லை என்றால் என்னிடம் வாருங்கள், வேறு பார்க்கலாம்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். இந்த வருடச் சேர்க்கைக் கையேட்டை முழுதாக அச்செடுத்து வாருங்கள், முதல் நாலு பக்கம் மட்டும் போதாது. பெரியப்பா வருவதானால் வரட்டும், ஆனால் கேள்விக்கு அவள்தான் பதில் சொல்வாள். அந்தச் செருப்பையும் கொண்டுவாருங்கள்.