பிரதேச சபையில் கடை அனுமதிப்பத்திரம் எடுக்க இலஞ்சம் கொடுக்க வேண்டுமா?

என்னிடம் யாரும் ஒரு சதம்கூடக் கேட்கவில்லை. கிளிநொச்சிப் பக்கம் ஏ9 வீதியோரம் சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். 2024 ஜூனில் விண்ணப்பித்தேன், ஆறாம் நாள் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்தது. சபையில் என் சித்தப்பாவின் மகன் வேலை செய்கிறான். அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை என்று பல நாட்களாக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

நாலு கடை தள்ளி ஓர் அக்கா இடியப்பம் அவித்து விற்கிறார். எனக்கு மூன்று வாரம் முன்பே விண்ணப்பித்தவர். அவருடைய காணி அனுமதிப்பத்திரம் கணவரின் பெயரில் இருக்கிறது. கணவரை 2009க்குப் பிறகு யாரும் காணவில்லை. "மரணச் சான்றிதழ் கொண்டுவாருங்கள்" என்றார்களாம். செத்தார் என்று கையெழுத்து வைக்க அவருக்கு மனமில்லை. ஆளைக் காணவில்லை என்றே சான்றிதழ் கொடுக்க 2016இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த மேசையில் அதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. நாளைக்கு வாருங்கள், ஐயா லீவு, கோப்பு மேலே போயிருக்கிறது, இப்படியே புரட்டாதி பிறந்துவிட்டது.

அனுமதிப்பத்திரத்துக்குத் தேவையான கழிவுநீர்க் குழி அவர் கடையில் இல்லை, என் கடையிலும் இல்லை. என்னிடம் வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தேநீர் குடித்துவிட்டு, "ஆறுதலாக வெட்டுங்கள்" என்றார்.

பணம் பெரிய விஷயமே அல்ல. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இத்தகைய கடைகளின் உரிமக் கட்டணத்துக்கு வைத்த உச்சவரம்பு வெறும் 1,000 ரூபாய். ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிப் போய்வந்தால் அதைவிடக் கூடுதலாக நட்டம். இலஞ்சம் கேட்டால் முறையிட 1954 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. "நாளைக்கு வாருங்கள்" என்பதை எந்த இலக்கத்துக்கு அழைத்துச் சொல்வது? அப்போது உறுப்பினர்களும் இல்லை. சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2025 மே 6 அன்றுதான் நடந்தது. (உறுப்பினர்கள் இருந்தபோது மட்டும் என்ன, அவரவர் ஆட்களுக்குத்தான் தொலைபேசி அடித்தார்கள்.)

நீங்களும் அலைந்துகொண்டிருந்தால் இதைச் செய்து பாருங்கள். 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அக்காவுக்காக நான் ஒரு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தேன். கோப்பு எந்தத் திகதியில் யாரிடம் போனது, என்ன குறை, அந்தக் குறை எந்த விதியின்படி என்று மூன்றே கேள்விகள். 14 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொன்னார்கள். கழிவுநீர்க் குழி, வேலைக்கு நிற்கும் பிள்ளையின் மருத்துவச் சான்றிதழ், இவ்வளவுதான். மரணச் சான்றிதழைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாயால் கேட்டதைத் தாளில் எழுத யாருக்கும் துணிவில்லை.

குழி வெட்டினார், மருத்துவச் சான்றிதழ் எடுத்தார். நவம்பர் நடுவில் அனுமதிப்பத்திரம் கிடைத்தது. டிசம்பர் 31 உடன் அது காலாவதி.

ஜனவரியில் புதுப்பிக்க இருவரும் சேர்ந்துதான் போனோம். அக்காவை வாங்கில் இருக்கச் சொன்ன எழுதுவினைஞர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "உங்கள் கோப்பைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன் அண்ணை."